வழியில் செத்தவர்களுக்கு ஒரு தழை

"இவ்வளவு பேருக்கும் பேரு வெட்டி வச்சிருக்காங்களே" என்றார் அம்மா.

நாங்கள் நின்றது கண்டியில், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டிச் சிறு ஏற்றத்தில் இருக்கும் பழைய பிரித்தானியக் கல்லறைத் தோட்டத்தில். மாலை நான்கரை மணி. மற்ற எல்லோரும் வழிகாட்டித் தம்பியைச் சுற்றி நின்று கதை கேட்டுக்கொண்டிருக்க, அம்மா மட்டும் ஒவ்வொரு கல்லாக விரலால் தடவிக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கல்லில் எழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார். எல்லாக் கல்லிலும் இருந்தது.

கண்டி டவுனின் பேய்க் கதைகளையும் பழங்கதைகளையும் தமிழில் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு தம்பி இருக்கிறார் என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருந்தார். வழக்கமாக வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப் போகிறவர். எப்போதாவது ஒரு சனிக்கிழமை நம் ஆட்களுக்காகத் தமிழில் செய்கிறார். நான் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் சொன்னபோது, எழுபத்து நான்கு வயது அம்மா, முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அம்மா, "பேய்க் கதையா? நானும் வாரேன்" என்றார். நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். இப்போது கட்டுகஸ்தோட்டையில் என்னோடு இருக்கிறார். நான்கு சுவருக்குள் இருந்து அவருக்கும் அலுத்துப்போயிருக்கும். சரி, வாங்க என்றேன்.

வந்திருந்தவர்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், வெள்ளவத்தையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, பேரனைக் கையில் பிடித்தபடி அக்குறணை ஹாஜியார் ஒருவர், இன்னும் சிலர். தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே கூட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"இங்க பேய் இருக்கான்னு எல்லாரும் கேப்பாங்க. கல்லுல இருக்கிறத வாசிங்க, பயம் தானா வரும்" என்று தொடங்கினார். உண்மைதான். 1815இல் கண்டி வெள்ளைக்காரர் கைக்கு வந்து சில ஆண்டுகளில் திறந்த தோட்டம் இது. 1870களில் நகருக்குள் புதைக்கக் கூடாது என்று வந்தபோது மூடினார்கள். ஏறக்குறைய 195 பேர் இங்கே இருக்கிறார்கள். மலேரியா, வாந்திபேதி, வெயில் தாக்கு. முதுமை வந்து போனவர்கள் மிகக் குறைவு. குதிரையிலிருந்து இறங்கும்போது நிலத்தில் நட்டிருந்த கூர்முனைக் கட்டையில் குத்துண்டு செத்தவர் ஒருவர். கண்டி ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொய்லியும் இங்கேதான் கிடக்கிறார். சிங்களத்தை நன்றாகக் கற்று, பிரதானிகளுடன் அவர்கள் மொழியிலேயே பேசி, ஒரு ராச்சியத்தைக் கையெழுத்தால் வாங்கிக் கொடுத்த மனிதர். 1824இல் காய்ச்சலில் போனார்.

குழந்தைகளின் கல்லறைகள்தான் அதிகம் வலிக்கின்றன. தம்பி அவற்றைப் பற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை. வயதை மட்டும் வாசித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார்.

பிறகு ஒரு கல்லைக் காட்டினார். ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபர்ட்சன், 1856. இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்டதாகப் பதிவான ஐரோப்பியர்களில் ஏழாமவர், கடைசியானவரும் அவரே. அதைக் கேட்டதும் அம்மா திரும்பி வந்தார்.

"யானை கொன்ன தொரையா, யானையக் கொன்ன தொரையா?"

"யானைதாங்கம்மா அவரக் கொன்னுச்சு."

"அப்ப இது வேற ஆளு. நுவரெலியாவுல ஒரு தொர சமாதி இருக்கு. எத்தனையோ ஆயிரம் யானையச் சுட்டவரு. அவரு செத்ததும் இடி விழுந்துதான். பொதைச்ச பொறகும் விடாம அந்தக் கல்லுல இடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நாங்க கோல்ப் பிட்டி பக்கம் போனா அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம்."

தம்பி அசந்துபோனார். நானும்தான். தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற மேஜரைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். பதுளையில் அதிகாரியாக இருந்தவர், 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பதுளை சென் மார்க் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டியதுதான். நுவரெலியாவில் அவர் கல்லறையிலும் இடி விழுந்த கதையைப் புத்தகங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா அதைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கேட்டு வளர்ந்தவர் என்பது நாற்பத்தாறு வயதில், ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. தேவாலயம் கட்டியவர்கள் ஒரு நல்ல அதிகாரியை நினைத்துக் கட்டினார்கள். தோட்டத்துச் சனம் யானைகளின் பக்கம் நின்று அந்தக் கதையை வைத்துக்கொண்டது. அவர்கள் வழக்குச் சொல்ல வேறு நீதிமன்றம் இருக்கவில்லை.

அங்கிருந்து கீழிறங்கித் தேவாலயங்கள் பக்கம் வந்தோம். இவை சிங்களவர் தெய்வங்களைக் கும்பிடும் கோயில்கள். நாத தேவாலயம், அப்புறம் பத்தினி தேவாலயம். பத்தினி என்பது நம் கண்ணகிதான். கயவாகு வேந்தன் சேரநாட்டுக்குப் போய் அவள் வழிபாட்டைக் கொண்டு வந்தான் என்பது கதை. சிங்கள மக்களுக்கு அம்மை நோயை ஆற்றுகிற தாய். "மாரியாத்தாதானே" என்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வந்தார். நடை பத்து நிமிடம் தாமதமானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்தத் தேவாலயங்களுக்கு அருகே நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் கண்டியின் மிகக் கொடிய கதை. 1814. எஹெலேபொல என்ற பெரிய பிரதானி அரசனுக்கு எதிராகத் திரும்பி வெள்ளைக்காரரிடம் போய்விட்டார். அகப்பட்டது அவர் குடும்பம். பிள்ளைகளை வெட்டக் கொண்டு வந்தபோது மூத்தவன் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தான். இளையவன் மத்தும பண்டார, சின்னஞ்சிறுவன், "அண்ணா, பயப்படாதே, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன்" என்று முன்னால் வந்து நின்றான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த கதை. ஆனால் அந்த மண்ணில் நின்று, பக்கத்தில் ஹாஜியாரின் பேரன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்க, அதே வயதுப் பிள்ளை ஒன்று அப்படிச் சொல்லியிருக்கும் என்று நினைத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தாயைப் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தினார்கள். அந்தக் குளம் இப்போது இல்லை. பின்னாளில் தூர்த்துவிட்டார்கள்.

இதைச் செய்தவன் என்று சொல்லப்படும் அரசனைப் பற்றி எனக்குள் எப்போதும் ஓர் அல்லாட்டம் உண்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியில் வந்து கண்டியை ஆண்ட நால்வரில் கடைசி. இந்த ஊரின் பேய்க் கதைகளில் பாதி அவனிடம் போய்த்தான் முடிகின்றன. கண்டி வாவியை வெட்ட ஆள் தர மறுத்த சிறு தலைவர்களை வாவிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்பார்கள். வாவி நடுத்தீவுக்கு அரண்மனையிலிருந்து சுரங்கப் பாதை உண்டு என்பார்கள். உடவத்தகலைக் காட்டுக் குளத்தில் தங்கக் காசு கிடக்கிறது, சிவந்து மின்னும் கண்ணுள்ள பாம்பு ஒன்று காவல் இருக்கிறது என்பார்கள். கேட்டுக்கொண்டே வாவிக் கரையில் நடந்தோம். அலைபோல வளைந்த முகில் மதில், அதில் விளக்கு வைக்க விட்ட முக்கோண மாடங்கள், மரங்களில் அடைய வந்த நீர்க்காகங்களும் கொக்குகளும் போடும் இரைச்சல். மாளிகையிலிருந்து மாலைப் பூசையின் மேளம் கேட்டது.

தம்பி இந்த இடத்தில் நேர்மையாகப் பேசினார். அரசனின் கொடுமைகளை அதிகம் எழுதியவர்கள் அவன் நாட்டைப் பிடித்தவர்கள், பிடிப்பதற்கு ஒரு காரணம் அவர்களுக்குத் தேவைப்பட்டது, ஆகவே எது நடந்தது, எது பின்னால் ஏற்றியது என்று பிரித்துக் கேளுங்கள் என்றார். அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். அவன் நம் மொழி பேசியவன் என்பதற்காக ஒரு தாயையும் பிள்ளைகளையும் மறந்துவிட முடியாது. அதே நேரம், 1815 பெப்ரவரியில் அவனைப் பிடித்துக் கட்டி, அடுத்த ஆண்டு கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பி, 1832இல் அங்கேயே அவன் சாகும்வரை வைத்திருந்தவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. சொந்த மண்ணில் கல்லறை இல்லாத அரசன் அவன். இந்த வாவிக் கரையில் யாராவது இரவில் நடக்க வேண்டுமென்றால் அவன்தான் நடப்பான் என்று எனக்குத் தோன்றியது.

மேற்கே மலை மேல் வெள்ளைப் புத்தர் சிலைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். அது பைரவகந்த. அரசிக்குப் பிள்ளை தங்காததால் அந்த மலையில் இருந்த பைரவனுக்கு ஆண்டுக்கொரு கன்னிப் பெண்ணைப் பலி கொடுத்தார்களாம். கம்பத்தில் கட்டிவிட்டு இறங்கி வந்துவிடுவார்கள், விடிவதற்குள் பயத்திலேயே செத்துவிடுவாள். கடைசியாகக் கட்டிய பெண் டிங்கிரி மெனிக்கா. அவளை விரும்பிய யானைப்பாகன் இருட்டில் மலையேறிப் போய்க் கட்டவிழ்த்துக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அதோடு பலி நின்றது.

வெள்ளவத்தைத் தம்பதி கைகோத்துக்கொண்டு கேட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் கோபம். "பைரவரு காவக்காரரு. அவரு எதுக்குய்யா பொண்ணு கேக்கப் போறாரு? கேட்டது பைரவரா இருக்காது, பூசாரியா இருக்கும்."

போகம்பறைச் சிறையருகே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. 1876இல் கட்டிய சிறை. 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றி மூடினார்கள். ஊர் நடுவில் அவ்வளவு பெரிய இருண்ட கட்டடம் நிற்பதே ஒரு மாதிரிதான். நூறு ஆண்டுக்குமேல் தூக்கு மேடை இருந்த இடம் என்று தம்பி சொல்லத் தொடங்கும்போது, அதுவரை வாய் திறக்காத ஹாஜியார் முன்னால் வந்தார்.

"அதுக்கும் முந்தி, இந்தச் சிறை வாரதுக்கும் முந்தி, சரதியலக் கண்டியிலதான் தூக்குல போட்டாங்க. 1864. அவனோட எங்க மம்மலே மரிக்காரையும் சேத்து."

உத்துவன்கந்த மலையில் ஒளிந்திருந்து கொழும்பு–கண்டிப் பாதையில் பணக்காரர்களை மறித்து ஏழைகளுக்குக் கொடுத்ததாகப் பேர் பெற்றவன் சரதியல். அவனோடு கடைசிவரை நின்ற நண்பன் ஒரு முஸ்லிம். ஹாஜியார் அதைத் தன் வீட்டுக் கதைபோலச் சொன்னார். சிறுவயதில் தன் வாப்பாவோடு மாவனல்லைப் பக்கம் போகும்போது அவர் அந்த மலையைக் காட்டி, "அந்தா, நம்ம ஆளும் அங்கதான் இருந்தான்" என்று சொல்லுவாராம். பேரனின் தோளில் கையை வைத்துக்கொண்டு அவர் பேசியதைக் கேட்கத் தம்பி இரண்டடி பின்னால் போய் எங்களோடு கூட்டத்தில் நின்றுகொண்டார்.

அப்புறம் மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டி, நடையின் கடைசித் தெருவான டி.எஸ். சேனாநாயக்க வீதிக்கு வந்தோம். பழைய ஆட்களுக்கு அது இன்னும் திருகோணமலை வீதிதான். ஒரு தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் உட்கார்ந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் ஒருத்திதான் கேட்டாள்: "அம்மா, உங்கட தோட்டத்தில பேய் இல்லையே?"

"பேய் இல்லம்மா. முனிதான் இருக்கு."

அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், ஓடுகிற பெரிய ரோதைச் சக்கரத்தில் ஒரு முனி குடியிருக்கிறார். ரோதமுனி. ஊரிலிருந்து வரும்போது கூட வந்த சாமி இல்லை அவர். மாடசாமியும் மதுரைவீரனும் முனியாண்டியும் கூட வந்தவர்கள். ரோதமுனி இங்கே, இந்த மலையில், இயந்திரத்துக்குள் பிறந்தவர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு ஒரு சாமி இருக்கிறார், கொழுந்துக்கு ஒரு சாமி இருக்கிறார், அதுபோல ரோதைக்கு இவர். ஆண்டுக்கொரு தரம் சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் வைத்துப் பூசை போட வேண்டும். பூசை தப்பினால் கை கேட்பார்.

"ஒரு வருசம் புதுசா வந்த தொர பூசை வேணாம்னுட்டாரு. ஸ்டோருக்குள்ள ரத்தம் சிந்தக் கூடாதாம். அடுத்த மாசம் எங்கண்ணன் ரெண்டு வெரல ரோலருக்குக் குடுத்துட்டு வந்தான்."

மாமாவுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்திருக்கிறேன். ஸ்டோரில் அடிபட்டது என்று தெரியும். அதில் ஒரு முனி இருந்தார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். ரோலரைச் சுற்றித் தடுப்பு இல்லை, இரவு வேலையில் தூக்கக் கலக்கம், இதெல்லாம் எனக்குத் தெரிந்த காரணங்கள். அதைக் கேட்க நாதியில்லாத இடத்தில், பூசையை மறுத்த ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

பீலிக் கதை அடுத்தது. தோட்டத்தில் லயத்துக்குப் பணிய, மலைத் தண்ணீர் குழாய்போல விழும் ஒரு பீலி. உச்சி வேளையில் பெண்கள் தனியாகப் போக மாட்டார்கள். பேறுகாலத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்த ஒருத்தி அங்கே இருக்கிறாள். "தாகத்தோட போனவ. அதான் பீலிய விட்டுப் போக மாட்டேங்குறா. ஆருக்கும் ஒண்ணும் செய்ய மாட்டா. நாங்க மொதக் கொடம் தண்ணிய அவளுக்குக் கீழ ஊத்திட்டு, ரெண்டாவதுதான் வீட்டுக்குப் புடிப்போம்."

கடையில் ஒரு சத்தமும் இல்லை. கல்லாவில் இருந்தவர்கூட எழுந்து வந்து நின்றுவிட்டார்.

பிறகு அம்மா தெருவைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது மாத்தளைக்குப் போற ரோடுதானே?"

"ஆமாங்கம்மா. கட்டுகஸ்தோட்டை போய் மாத்தளைக்கு."

"அப்ப இதுவழியாத்தான் வந்திருப்பாங்க."

அந்தக் கடைசிக் கதையை என்னால் அம்மாவின் சொல்லிலேயே முழுதும் திருப்பித் தர முடியாது. அவருடைய பாட்டியின் அப்பாயி தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் நடந்து வந்தவர். இராமநாதபுரத்துக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடை. கூட ஒரு தம்பி, பத்து வயதிருக்கும். பாதி வழியில் அவனுக்கு வாந்திபேதி. கங்காணி நிற்கவில்லை. கூட்டம் நின்றால் எல்லோருக்கும் தொற்றும், கணக்கும் குறையும். ஒரு மரத்தடியில் அவனைக் கிடத்தி, செம்பில் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்து, முகத்தில் வெயில் படாமல் இருக்க ஒரு தழையை ஒடித்துப் போட்டுவிட்டு நடந்தார்கள். அவன் எழுந்து பின்னால் ஓடி வருவான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாளாம் அக்காக்காரி.

தோட்டத்துக்கு வந்த பிறகு பாதை வளைவில் ஒரு கல்லை நட்டு, போகும்போதும் வரும்போதும் அதன் மேல் ஒரு தழையைப் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் பாதையில் விட்டுவந்த ஆள் ஒருவர் இருந்தார். பிள்ளை, புருசன், தாய். அந்தக் கல்லுக்குத் தழைச்சாமி என்று பெயர் வந்துவிட்டது. நானும் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது போட்டிருக்கிறேன். பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டேன். அது ஒரு பத்து வயதுப் பையனின் முகத்துக்கு நிழல் என்று எனக்குத் தெரியாது.

1840களில் அந்த வடக்குப் பாதையில் பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. இதே தெருவில் இன்னும் சற்றுத் தூரம் வடக்கே போனால் மஹியாவைக் கல்லறைத் தோட்டம். லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் முதன்முதலாகத் தேயிலையைப் பெரிதாக நட்ட ஜேம்ஸ் டெய்லர், 1892இல் செத்து அங்கேதான் கிடக்கிறார். தேயிலைக்கு முன்னோடி என்று அவர் கல்லில் வெட்டியிருக்கிறது. அவர் உழைத்தவர்தான், நான் மறுக்கவில்லை. லூல்கந்துரையின் அந்தச் சரிவில் குழி வெட்டியவர்கள், கன்றைக் கையால் வைத்தவர்கள் ஒருவர் பெயரும் எங்கும் வெட்டப்படவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அம்மா விரலால் தடவிப் பார்த்தது எதற்கு என்று எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கடையில்தான் புரிந்தது.

2023இல், மலையகம் வந்து இருநூறு ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பாதையில் மறுபடி நடந்தார்கள். அம்மா அப்போது டீவி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை. வழியில் மரங்கள் தெரியும்போதெல்லாம் குனிந்து பார்த்தார். எந்த மரம் என்று அவர் தேடியிருக்கிறார். நான் அதைக் கேட்கவில்லையே என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

கடையை விட்டு வெளியே வந்ததும் அம்மா மெதுவாகத் தெருவோரம் போனார். ஒரு வீட்டு மதிலுக்கு மேலாகச் செம்பரத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எட்டவில்லை. ஹாஜியார் தன் கைத்தடியால் கிளையை இழுத்துக் கொடுக்க, ஒரு சிறு கொத்தை ஒடித்தார். அடுத்த வளைவில் மதிலோரமாக இருந்த அரச மரத்தடியில் அதை வைத்தார். கும்பிடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு தழை ஒடித்து வைத்தார்கள். வன்னிக் காட்டுப் பாதையில் பிள்ளையாருக்கும் ஐயனாருக்கும் இப்படிக் கிளை முறித்து வைப்பதைத் தன் அப்பப்பா செய்வார் என்று ஒருத்தி சொன்னாள். ஹாஜியாரின் பேரன் மிகப் பெரிய கிளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

தம்பி அன்றிரவு எங்களை ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, அம்மாவின் கதையை இனி வருகிறவர்களுக்கும் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டார். "சொல்லுய்யா. ஆனா பேய்க் கதைன்னு சொல்லாத" என்றார் அம்மா.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அவர் அழைத்தார். பின்னால் பஸ் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. "அக்கா, அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அரச மரத்துகிட்ட நிக்கிறோம். இன்னைக்கு இருபது பேரு. எந்தத் தழை போடணும்னு கேக்குறாங்க."

நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"எதுன்னா என்னய்யா, கைக்கு எட்டுறது. வெயிலு மறைக்கிற அளவுக்கு எல இருக்கணும், அவ்வளவுதான்."